நூல் கைக்கு வரும் நாள்

பள்ளி திறக்கும் முதல் நாளில் புதிய பாடநூலைக் கையில் வாங்கும் பிள்ளை முதலில் அதைப் படிப்பதில்லை, முகர்ந்து பார்க்கிறது. அச்சு மையும் பசையும் கலந்த அந்த மணத்தை அறியாதவர் நம்மில் சிலரே இருப்பர். அந்தச் சிலருள் நானும் ஒருவன். தர்மபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் படித்த நாளில், எனக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்தவரிடம் பாதி விலைக்கு வாங்கிய பழைய நூல்களே என் நூல்கள். ஆறாம் வகுப்பில் எனக்கு வாய்த்த வரலாற்று நூலில் கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை. அப்பக்கங்களில் இருந்தது இன்னதென்று பின்னாளில் குருமடத்து நூலகத்தில் வேறொரு நூலைப் புரட்டும்போதுதான் ஊகித்துக்கொண்டேன். அந்த ஆண்டுத் தேர்வில் அப்பக்கங்களிலிருந்து ஒரு வினா வந்திருந்தது என்பது மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது.

பாடநூலைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது இரண்டு கேள்விகளையே பெரும்பாலும் எழுப்புகிறோம். அதில் என்ன இருக்க வேண்டும் என்று தேர்வது யார்? அதற்குப் பணம் தருவது யார்? மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு: அந்நூல் பிள்ளையின் கைக்கு எந்த நாளில் வந்து சேர்கிறது? முதல் இரண்டு கேள்விகளுக்காக நம் நாட்டில் இருநூறு ஆண்டுகளாக அறிஞரும் ஆள்வோரும் வாதிட்டு வந்துள்ளனர். மூன்றாவது கேள்வியை எழுப்பியவர் குறைவு. ஆயினும் ஏழைப் பிள்ளையின் கல்வி பெரிதும் அந்த மூன்றாவது கேள்வியின் விடையிலேயே தங்கியிருக்கிறது. இதனை வரலாற்றின் துணைகொண்டு சற்றே எண்ணிப் பார்ப்போம்.

மணலும் ஓலையும்

அச்சு நூல் ஊர்ப்புறத்துக்கு வருமுன் நம் திண்ணைப் பள்ளிகளில் பாடக் கருவிகள் எளியவை. தரையில் பரப்பிய மணலே முதற்பலகை, விரலே எழுதுகோல். எழுத்துப் பழகிய பின் பனையோலையும் எழுத்தாணியும் வந்தன. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி, நிகண்டு ஆகியவற்றை ஆசிரியர் சொல்ல, மாணவர் திரும்பச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டனர். எதைக் கற்பிப்பது என்பதை ஊர் வழக்கும் ஆசிரியரும் முடிவு செய்தனர். செலவைப் பெற்றோர் ஏற்றனர். பணமாகத் தர இயலாதவர் தானியமாகத் தந்தனர். இந்த முறையில் கருவிக்குக் காத்திருத்தல் என்பது இல்லை. மணல் எல்லா ஊரிலும் இருந்தது, பனையும் இருந்தது. ஆனால் அந்தத் திண்ணையில் ஏற எல்லாச் சாதியாருக்கும் இடம் இருக்கவில்லை. பெண் மக்களில் மிகச் சிலரே எழுத்தறிந்தனர். பழமையைப் போற்றும்போது இந்த உண்மையை மறைத்தல் தகாது.

இந்த மணற்பலகை கடல் கடந்தும் சென்றது. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பதையும் கண்டு வியந்தார். அம்முறையைத் தம் பள்ளியில் கையாண்டு, 1797-இல் இலண்டனில் ஒரு நூலாகவும் வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. செலவு குறைந்த கருவியால் பலருக்குக் கற்பிக்க முடியும் என்னும் பாடத்தை மேலைநாடு நம்மிடமிருந்து கற்றுக்கொண்டது.

மன்றோவின் கணக்கு

பெல் எழும்பூரில் மணலைப் பரப்பிய அதே ஆண்டுகளில், நம் தர்மபுரியில் ஓர் இளம் இராணுவ அதிகாரி குதிரை மேலேறி ஊர் ஊராக நிலத்தை அளந்துகொண்டிருந்தார். 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கும்பினியார் கைக்கு வந்தது. அதனை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களுள் ஒருவரே தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் இப்பகுதியில் பணியாற்றினார். தர்மபுரியில் தம் வீட்டருகே அவர் பேணிய தோட்டத்தைப் பிரிந்தபோது மனம் வருந்தினார் என்பதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. குடியானவரின் வறுமையை அவர் கண்ணாரக் கண்டு கற்ற இடம் நம் மண்.

பின்னாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநரான மன்றோ, 1822-இல் மாகாணத்துப் பள்ளிகளின் நிலையை அறிந்து எழுதும்படி கலெக்டர்கள் அனைவரையும் கேட்டார். வந்த விடைகளைத் தொகுத்து 1826 மார்ச் 10-ஆம் நாள் ஒரு குறிப்பு வரைந்தார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், அவற்றில் 1,88,650 மாணவர், மக்கள்தொகை 1,28,50,941. அதாவது சுமார் 68 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருந்தார். தர்மபுரி அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சேலம் கலெக்டர் 1823-இல் அனுப்பிய கணக்கில் 10,75,985 மக்களுள் 4,650 பேரே கல்வி பெற்றனர். இது 231 பேருக்கு ஒருவர் என்ற அளவு. வீட்டிலேயே கற்றவர் இக்கணக்கில் சேரவில்லை என்பதை மன்றோவே சுட்டிக்காட்டுகிறார். எனினும் நம் பகுதி அன்றே பின்தங்கி நின்றது என்பது இந்த எண்களில் தெளிவாகத் தெரிகிறது.

இந்நிலைக்குக் காரணம் மக்களின் வறுமையும், கல்விக்குப் போதிய ஆதரவு இன்மையும், ஆசிரியரின் குறைந்த வருவாயும் என்று மன்றோ கண்டார். பெரும்பாலான ஆசிரியரின் மாத வருவாய் ஆறு அல்லது ஏழு ரூபாயைத் தாண்டவில்லை. எனவே அவர் ஒரு திட்டம் தீட்டினார். ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு பெரிய பள்ளிகள், தாசில் தோறும் ஒரு பள்ளி எனக் கணக்கிட்டு, மாதம் 4,000 ரூபாய், ஆண்டுக்கு 48,000 ரூபாய் ஒதுக்கக் கோரினார். அந்த 4,000 ரூபாயில் 700 ரூபாய் சென்னைப் பாடநூல் சங்கத்துக்கு உரியது; ஆசிரியரைப் பயிற்றுவதற்கும் நூல் அச்சிடுவதற்கும் ஆகும் செலவு அது. பள்ளி, ஆசிரியர், நூல் என்னும் மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்து எழுதிய அந்தக் குறிப்பை நம் பொதுக்கல்வி வரலாற்றின் முதல் வரவுசெலவுத் திட்டம் எனலாம். நூலைப் பள்ளியின் அணிகலனாக அவர் கருதவில்லை. ஆசிரியரின் ஊதியத்தோடு ஒக்க வைத்து எண்ணினார்.

1827 ஜூலையில் பத்திகொண்டா என்னும் ஊரில் காலரா கண்டு மன்றோ இறந்தார். கும்பினியின் இயக்குநர்கள் திட்டத்தை ஏற்றனர்; ஆயினும் திட்டமிட்ட பள்ளிகளில் ஒரு பகுதியே திறக்கப்பட்டது. 1836-இல் அவையும் கைவிடப்பட்டன. உயர்ந்தோர் சிலருக்கு ஆங்கிலக் கல்வி என்னும் கொள்கை மேலோங்கிய காலம் அது. தாசில் பள்ளிப் பிள்ளைகளுக்காக எண்ணப்பட்ட நூல்கள் அவர்கள் கைக்குப் பெரும்பாலும் வந்து சேரவேயில்லை.

மானியமும் பட்டியலும்

1854-ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் கல்வி அறிக்கை மானிய முறையைக் கொண்டுவந்தது. தனியாரும் மறைப்பணியாளரும் நடத்தும் பள்ளிகளுக்கு ஆசிரியர் ஊதியம், கட்டடம் ஆகியவற்றோடு பள்ளி நூல்களுக்கும் அரசு உதவலாம் என்று அது வகுத்தது. இன்று நம் மறைமாவட்டங்களில் அரசு உதவி பெறும் பள்ளிகள் இயங்குவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அதன் பின் நூறாண்டுக்கு மேலாக நிலவிய ஏற்பாடு இது: பதிப்பகத்தார் நூல்களை வெளியிடுவர்; பாடநூல் குழு அவற்றைப் பார்வையிட்டு ஏற்றவற்றைப் பட்டியலிடும்; பட்டியலிலிருந்து பள்ளிகள் தேர்ந்துகொள்ளும்; விலையைப் பெற்றோர் கொடுப்பர்.

இந்த ஏற்பாட்டில் நன்மைகளும் இருந்தன. 1920-இல் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் போன்ற அமைப்புகள் செம்மையான தமிழில் பள்ளி நூல்களைத் தந்தன. ஆனால் நூலைத் தேர்ந்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர். தேர்ந்தவருக்கு விலை உறைக்கவில்லை. பள்ளிக்குப் பள்ளி நூல் வேறானால், அண்ணனின் நூல் தம்பிக்கு உதவாது. கொல்லைமேட்டில் கேழ்வரகு விளைவித்து வாழும் குடும்பத்துக்குப் பள்ளி திறக்கும் ஜூன் மாதம் கையில் காசில்லாத மாதம், விதைக்கும் காலம். அறுவடைக்குப் பின் நூல் வாங்கலாம் என்று தகப்பன் சொல்வார். அறுவடை வரும்போது ஆண்டில் பாதி கழிந்திருக்கும்.

விடுதலைக்குப் பின் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956-இல் மதிய உணவுத் திட்டமும் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் நடைபெற்றன. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அம்மாநாடுகளில் ஊர் மக்களே இருக்கை, கரும்பலகை, சீருடை, நூல் எனப் பள்ளிக்கு வேண்டியவற்றை வாரி வழங்கினர். அரசு தரட்டும் என்று காத்திராமல் ஊரார் தம் பள்ளியைத் தாமே தாங்கிய அந்நாட்களை இன்றும் முதியோர் பெருமையோடு நினைவுகூர்வர்.

கழகம் பிறந்தது

1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் தொடங்கப்பட்டது. ஒரே நூலைப் பல இலட்சம் படிகள் அச்சிட்டால் விலை குறையும், தரம் ஒன்றாயிருக்கும், கடைக்காரரின் விருப்பு வெறுப்புக்கு இடமிராது. இதுவே அதன் அடிப்படை எண்ணம். நான் பாதி விலைக்கு வாங்கிய பழைய நூல்களும் கழக நூல்களே; முழு விலையும் பிற பதிப்புகளின் விலையோடு ஒப்பிடச் சிறிதுதான். ஆனால் அந்தச் சிறிய விலையும் கூடப் பல வீடுகளில் பெரிதாயிருந்தது. ஆகவே அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் நூல்களை விலையின்றி வழங்கும் திட்டம் வந்து, படிப்படியாக விரிந்து, இன்று 1 முதல் 12 வரை எல்லா வகுப்புகளையும் தழுவி நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் அதன் விதிகளும் தொடக்கக் கல்வி பெறும் பிள்ளைக்கு நூலை உரிமையாக்கின. 2013-இல் கழகத்தின் பெயர் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் என்று விரிந்தது.

'இலவசம்' என்ற சொல்லுக்கு மாற்றாக 'விலையில்லா' என்னும் சொல் அரசு வழக்கில் வந்ததை நம்மில் சிலர் நகையாடியதுண்டு. எனக்கு அச்சொல் பிடித்திருக்கிறது. இலவசமாக வந்ததை வாங்குபவன் தலை குனிகிறான். உரிமையாக வந்ததை வாங்குபவன் குனிய வேண்டியதில்லை.

பணத்தின் கேள்விக்கு இவ்வாறு ஏறத்தாழ விடை கிடைத்துவிட்டது. அந்த வேளையில்தான் தேர்வின் கேள்வி மூண்டெழுந்தது.

நூலில்லாத இரண்டு மாதங்கள்

தமிழகத்தில் மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பாடத்திட்டங்கள் நிலவின. ஒரே தெருவின் பிள்ளைகள் நான்கு வகை நூல்களைச் சுமந்தனர். இவற்றை ஒன்றாக்க வழிகாணும்படி 2006-இல் முனைவர் ச. முத்துக்குமரன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டே 1, 6 ஆகிய வகுப்புகளுக்குப் பொதுப்பாட நூல் வந்தது. மற்ற வகுப்புகளுக்கு 2011 ஜூனில் வரவேண்டும். நூல்களும் அச்சாகி இருந்தன.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. நூல்களின் தரம் போதாது என்று கூறிப் புதிய அமைச்சரவை திட்டத்தைத் தள்ளிவைத்தது. ஜூன் மாதம் சட்டத்திருத்தமும் நிறைவேறியது. பள்ளி திறப்பு ஜூன் 15-க்குத் தள்ளிப்போனது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மாறி மாறிச் சென்றது. நூல்களை ஆராய வல்லுநர் குழு அமைந்தது. ஜூலை 18-ஆம் நாள் உயர்நீதிமன்றம் திருத்தத்தைச் செல்லாதென்றது. ஆகஸ்ட் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, பத்து நாட்களுக்குள் பொதுப்பாடத் திட்டத்தை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. அந்நாளில் பேசப்பட்ட அச்சுச் செலவு சுமார் 200 கோடி ரூபாய். அந்நூல்கள் அத்தனை நாளும் கிடங்குகளில் அடுக்கிக் கிடந்தன. வெளிவந்தபோதும் சில பக்கங்கள் தாள் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தன.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நூலின் தரத்தை ஐயுறுவது அரசின் உரிமை. சட்டத்தைக் காப்பது நீதிமன்றத்தின் கடமை. நான் சொல்ல விரும்புவது நான் கண்டதை மட்டுமே. அந்த ஜூலையில் மலையடிவாரத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஆசிரியை பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடியும் சென்றபோது படம் வரையச் சொல்லியிருந்தார். மூன்றாம் முறை சென்றபோது, "சாமி, நானும் எத்தனை நாளைக்குத்தான் கதை சொல்வது?" என்று என்னையே கேட்டார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிவகுப்பு இருந்தது. வீட்டில் படித்த பெற்றோர் இருந்தனர். வேறு நூல்கள் இருந்தன. நம் பிள்ளைக்கோ பாடநூலே பள்ளி, பாடநூலே நூலகம். வீட்டில் இருக்கும் ஒரே அச்சுப் புத்தகமும் பலவேளை அதுவே. அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் இருந்தோர் 2012 ஏப்ரலில் அரசுப் பொதுத்தேர்வு எழுதினர். இழந்த இரண்டு மாதங்களை எல்லாரும் ஒரே அளவில் இழக்கவில்லை.

அதே 2011-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு; மாவட்டங்கள் அனைத்திலும் கடைசி. 1823-இன் கணக்கும் 2011-இன் கணக்கும் வேறு வேறு முறையில் எடுக்கப்பட்டவை. ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவை. ஆனால் இரண்டிலும் நம் பகுதி பின்னே நிற்கிறது. பின்னே நிற்பவனுக்கு இரண்டு மாதத் தாமதம் என்பது முன்னே நிற்பவனுக்கு இரண்டு மாதத் தாமதம் போன்றதன்று.

எண்ணிக்கையில் இல்லாத பிள்ளை

அதன்பின் நல்ல மாற்றங்கள் பல வந்தன. சுமை குறைய 2012-13 முதல் 8-ஆம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. 2017-இல் முனைவர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டுதலில் பாடத்திட்டம் புதுப்பிக்கப்பட்டு, 2018-19-இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் பொலிவான புதிய நூல்கள் வந்தன. 2020-இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஆயினும் தொலைபேசி அலை எட்டாத மலைச் சிற்றூர்களில் கையில் இருந்த நூலே பள்ளிக்கூடமாக நின்றது.

இருப்பினும் மூன்றாவது கேள்வி இன்னும் முடியவில்லை. நூல்கள் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு அச்சிடப்பட்டு, கிடங்கிலிருந்து மாவட்டத்துக்கும் அங்கிருந்து பள்ளிக்கும் வருகின்றன. நம் மாவட்டத்துக் குடும்பங்களோ வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செங்கற்சூளைகளுக்கும் பெயர்வன. செப்டம்பரில் திரும்பி வரும் பிள்ளை ஜூன் மாத எண்ணிக்கையில் இருப்பதில்லை. தலைமையாசிரியர் நல்லவராயின் எங்கேனும் ஒரு நூல் தேடித் தருவார். இல்லையேல் அப்பிள்ளை அடுத்தவன் நூலை எட்டிப் பார்த்தே ஆண்டைக் கழிக்கும்.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. அரசு வகுத்த நூல்களுக்கு மேலாகத் தனிப் பதிப்பக நூல்களை வாங்கச் சொல்லி, விலைப்பட்டியலைப் பெற்றோர் கையில் தரும் தனியார் பள்ளிகள் பல. நம் மக்கள் நடத்தும் பள்ளிகள் இதில் எல்லாம் விலக்கு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? தேர்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர் என்னும் பழைய குறை அங்கே மறுபடி முளைக்கிறது. அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு சொல்லின்றி வீடு திரும்பும் ஒரு தாயை நாம் ஒவ்வொருவரும் அறிவோம்.

நம் பங்குகளில் கல்வி உதவி நிதி வழங்குகிறோம், நல்ல காரியம். பல இடங்களில் அது விழாவாக, ஜூலையிலோ ஆகஸ்டிலோ நடக்கிறது. அதை மே மாதத்திலேயே, விழாவின்றி, வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? சென்ற ஆண்டுப் பாடநூல்களைப் பழைய தாளுக்கு எடைபோடாமல் சேர்த்து வைத்தால், செப்டம்பரில் வரும் பிள்ளைக்கு உதவாதா? மன்றோவின் 48,000 ரூபாயோ அரசின் கோடிகளோ இதற்கு வேண்டியதில்லை. ஓர் அலமாரியும், நினைவில் வைத்திருக்க ஒருவரும் போதும்.

கடந்த ஆண்டு எங்கள் பங்கில் அப்படி ஓர் அலமாரி வைத்தோம். அக்டோபரில், சூளையிலிருந்து திரும்பிய குடும்பத்துச் சிறுமி ஒருத்தி ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல் கேட்டு வந்தாள். எடுத்துக் கொடுக்குமுன் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்தேன். இருந்தன. அவள் வாங்கி முகர்ந்து பார்த்தாள். பழைய நூல், மணம் ஏதும் இராது. ஆயினும் சிரித்தாள்.